மதர்போர்ட் பெயர்களில் வரும் எழுத்துகளும் எண்களும் எதைக் குறிக்கின்றன? குறைந்த செலவில் நல்லதொன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கடைக்காரர் எழுதித் தந்த விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். புரொசசரும் ராமும் எல்லோரும் கேள்விப்பட்டவை. எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையான மதர்போர்ட் என்ற வரிதான் புரியாது. புரியாத வரியில்தான் நம் பணம் அதிகம் போகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இலங்கை மலையகத்தில், அட்டனுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் அக்காவின் மகள் உயர்தரம் முடித்துவிட்டு வரைகலை படிக்கச் சேர்ந்தாள். அக்கா கொழுந்து பறித்து, சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் அவளுக்குக் கணினி வாங்க வேண்டும். கொழும்பில் ஒரு கடையில் தந்த பட்டியலில் இன்டெல் ஐ5-12400 புரொசசரும் இசட்790 போர்டும் இருந்தன. "எதிர்காலத்துக்கு உதவும் அண்ணா" என்றார் விற்பனையாளர். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

இன்டெல் போர்டுகளில் முதல் எழுத்து தரத்தைச் சொல்கிறது. எச்610 போன்றவை அடிமட்டம், பி நடுத்தரம், இசட் மேல்தட்டு (எச்670, எச்770 மட்டும் விதிவிலக்கு, அவை பிக்கு மேலே). இசட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி புரொசசரை ஓவர்கிளாக் செய்யும், அதாவது அதன் வேகத்தை நாமே கூட்டும் வசதிக்குத்தான். அந்த வசதி, பெயரில் எண்ணுக்குப் பின்னால் கே வரும் புரொசசர்களுக்கே பயன்படும். 12400இல் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கி மாற்ற முடியாதபடி பூட்டப்பட்டது. அதற்கு எதற்கு இசட்? இதை நேராகக் கேட்டேன். பதில் வரவில்லை, வேறொரு பட்டியல் வந்தது.

எழுத்துக்கு அடுத்த இலக்கம் போர்டின் தலைமுறை, புரொசசரின் தலைமுறை அல்ல. எச்610, பி660, பி760, இசட்790 எல்லாவற்றிலும் புரொசசர் உட்காரும் இடம், அதாவது சாக்கெட், எல்ஜிஏ1700தான். 12, 13, 14ஆம் தலைமுறை புரொசசர்கள் பொருந்தும். ஆனால் கடையில் நெடுநாள் கிடந்த 600 வரிசைப் போர்டில் 14ஆம் தலைமுறையைப் போட்டால், பயோஸை (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளை) புதுப்பிக்கும்வரை திரையில் எதுவும் வராமல் போகலாம். புதுப்பித்துத் தருவீர்களா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு மலையில் அதற்கு ஆள் தேடுவது பெரும்பாடு.

எண்ணுக்குப் பின்னால் எம் வந்தால் மைக்ரோ ஏடிஎக்ஸ், சிறிய அளவு. அடுத்து வருவதுதான் மிக முக்கியம். அசுஸ் பிரைம் பி760எம்-ஏ என்றும் பிரைம் பி760எம்-ஏ டி4 என்றும் இரண்டு உண்டு. முதலாவது டிடிஆர்5 ராமுக்கு, டி4 என்று முடிவது டிடிஆர்4க்கு. ஒன்றின் ராம் மற்றதில் நுழையவே நுழையாது. பில்லில் அந்த இரண்டு எழுத்தையும் எழுதச் சொல்லி வாங்குங்கள். பிரைம், டஃப், டொமஹாக், ஆரஸ் போன்றவை அந்தந்த நிறுவனத்தின் வரிசைப் பெயர்கள். மின்சுற்றின் வலு, சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்க், யூஎஸ்பி போன்ற இணைப்புத் துளைகளின் எண்ணிக்கை ஆகியவை அதற்கேற்ப மாறும். பெயரின் மிடுக்கைப் பார்க்காமல் இவற்றைப் பாருங்கள்.

கடைசியில் பி760எம் டி4 எடுத்தோம். எச்610 இன்னும் மலிவு. அலுவலக வேலைக்கு அது தாராளம். ஆனால் அதில் ராமுக்கு இரண்டே இடம். வரைகலை படிப்பவளுக்குப் பின்னால் ராம் கூட்ட வேண்டியிருக்கும் என்பதால் நான்கு இடமுள்ள பலகையாகப் பார்த்தேன். மிஞ்சிய பணத்தில் நல்ல பவர் சப்ளையும் யூபிஎஸ்ஸும் வாங்கினோம். எங்கள் பக்கம் மின்னழுத்தம் ஏறி இறங்கும். ஏப்ரல் மாதப் பிற்பகல்களில் இடி மின்னல் வேறு. மின்னழுத்த ஏற்ற இறக்கத்திலிருந்து போர்டைக் காப்பாற்ற யூபிஎஸ் உதவும், ஆனால் மின்னலுக்கு அதை மட்டும் நம்ப முடியாது. மின்னல் நேரத்தில் மின் பிளக்கையும் இணையக் கேபிளையும் கழற்றிவிட வேண்டும்.

இசட் போர்டே வீண் என்று நான் சொல்லவில்லை. கே புரொசசர் வைத்து, அதன் வேகத்தைக் கூட்டத் தெரிந்தவர்கள் தாராளமாக வாங்கட்டும். எல்லாக் கடைக்காரர்களும் ஏமாற்றுகிறார்கள் என்றும் சொல்லவில்லை.

ஏஎம்டி பக்கம் ஏ, பி, எக்ஸ் என்று போகும். 300 முதல் 500 வரை ஏஎம்4 சாக்கெட், 600உம் 800உம் ஏஎம்5. ஏஎம்5இல் டிடிஆர்5 மட்டுமே. அங்கே பி550, பி650 போர்டுகளிலும் ஓவர்கிளாக் செய்யலாம். எண் பெரிதென்று நம்பாதீர்கள்: பி650இல் உள்ள அந்த வசதி, பின்னால் வந்த பி840இல் இல்லை. இன்டெலின் 760ஐயும் ஏஎம்டியின் 650ஐயும் ஒப்பிடுவதிலும் பொருளில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பணம் கட்டிய பிறகு, கடை அக்கா வீட்டுக்கு அனுப்பிய பார்சலை, முகவரி கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதிக் கொழும்புக்கே திருப்பிவிட்டார்கள். தொலைபேசி எண் மேலேயே எழுதியிருந்தது, ஒருவரும் அழைக்கவில்லை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயன் வீட்டுக்கு இலக்கமும் இல்லை, வீதிப் பெயரும் இல்லை. கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்பவர்களுக்கு ஒரு முகவரி கொடுக்க இந்த நாட்டுக்கு இத்தனை காலம் போதவில்லையா? நீங்களும் தோட்டத்தில் இருந்தால், டவுனில் தெரிந்த கடையொன்றின் முகவரியைக் கொடுங்கள். வாரண்டிக்குத் திருப்பி அனுப்புவதற்கும் அதுவே வசதி.

உங்கள் பட்டியலில் உள்ள புரொசசரின் பெயரையும் போர்டின் பெயரையும் கடைசி எழுத்து வரை கீழே எழுதுங்கள். பொருந்துமா என்று பார்த்துச் சொல்கிறேன்.