டீச்சரிடம் கேளுங்கள்: கடைசி இடமும் கஞ்சியும் கடுமாங்காயும்

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ் பேசுகிற கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருபத்தெட்டு வருடம் உடற்கல்வி டீச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். விடியற்காலை ஓட்டத்துக்கு மட்டும் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை. இந்த மாதம் வந்த கடிதங்கள் ஓட்டத்தையும் சாப்பாட்டையும் புத்தகத்தையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. எனக்கும் இந்த மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்தவைதான்.

நாற்பத்தேழு வயதில் ஓட ஆரம்பித்தேன். கோவையில் 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பேர் கொடுத்துவிட்டேன். கடைசி ஆளாக வந்து நின்றால் கேவலமாக இருக்காதா டீச்சர்? வீட்டில் இப்போதே சிரிக்கிறார்கள்.
— வாசகர், வேலந்தாவளம்

தம்பி, நான் கடைசியாக வந்திருக்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில், என் முதல் அரை மாரத்தானில். 21 கிலோமீட்டரும் கொஞ்சமும். பதினேழாவது கிலோமீட்டரில் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நொண்டி நடந்து வருகிறேன், எனக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் மட்டும் ஊர்ந்து வருகிறது. தண்ணீர் மேசைகளை மடக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் என்னைப் பார்த்துவிட்டு, ஏற்றின மேசையைத் திரும்ப இறக்கி, காலை விரித்து நிறுத்தி, ஒரே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி அதன்மேல் வைத்தான். "மெதுவாக் குடிங்கக்கா, நான் இருக்கேன்" என்றான். கையில் கொடுத்திருக்கலாம். முன்னால் போனவர்களுக்கெல்லாம் மேசையில் வைத்தானல்லவா, எனக்கும் அப்படியே வைத்தான். அன்று 3 மணி 20 நிமிடம் ஆனது. நெஞ்சில் குத்திய நம்பர் காகிதம் இன்னும் என் அலமாரியில் ஒரு புத்தகத்துக்குள் இருக்கிறது.

இனி வேலைக்கு வருவோம். 10 கிலோமீட்டரை வேக நடையிலேயே ஒன்றே முக்கால் மணிக்குள் முடித்துவிடலாம். எத்தனை மணிக்குப் பாதையை மூடுகிறார்கள் என்று பேர் கொடுத்த இடத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று தொடக்கத்திலிருந்தே பிரித்துக்கொள்ளுங்கள். களைத்த பிறகு நடக்க ஆரம்பித்தால் திரும்ப ஓட்டம் வராது.

நம் பக்கத்தில் ஓடுகிறவர்களுக்குக் காற்றும் ஒரு கணக்கு. கார்த்திகை முடிந்து தை வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து அடிக்கிற வறண்ட காற்று உங்களுக்குத் தெரியும், பனைமரமே சாய்கிற மாதிரி இருக்கும். அந்த மாதங்களில் வீட்டிலிருந்து கிழக்குப் பார்த்துக் கிளம்புங்கள். தெம்பு இருக்கும்போது காற்றை எதிர்த்துப் போய்விட்டால், களைத்துத் திரும்பும்போது அதுவே முதுகைத் தள்ளிவிடும். ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து வரும், அப்போது திசையை மாற்றிக்கொள்ளுங்கள். வேர்வை காற்றில் உடனே காய்ந்துவிடுவதால் தாகம் தெரியாது. தாகம் எடுக்கிறதோ இல்லையோ, நடுவில் இரண்டு வாய் குடித்துவிடுங்கள்.

சிரிக்கிற வீட்டாரை அன்றைக்குக் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள்.

ஓட்டத்துக்கு முந்தின நாள் வெளியூரில் தங்கினால் ஓட்டலில் என்ன சாப்பிடுவது?
— கல்லூரி மாணவர், பொள்ளாச்சி

என்ன சாப்பிடக் கூடாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஊர் பேர் வேண்டாம். ராத்திரி எட்டரை மணி, நல்ல பசி, பஸ் ஸ்டாண்டை ஒட்டின கடை. கல்லில் பரோட்டாவை இரண்டு கையாலும் தட்டுகிற சத்தம் கேட்டதும் உள்ளே போய்விட்டேன். மூன்று பரோட்டா, மேலே கொதிக்கக் கொதிக்க சால்னா. விடிகாலை மூன்று மணிக்கு வயிறு கலக்க ஆரம்பித்தது. ஓட்டத்தில் ஏழாவது கிலோமீட்டரில் ஒரு பெட்ரோல் பங்க் தென்பட்டதே, அதுதான் அன்று நான் பார்த்த கோயில். ஆறு மாதம் பழகிப் போன ஓட்டம், மூன்று பரோட்டாவில் போனது.

முந்தின ராத்திரி ஏழு, ஏழரைக்குள் வெள்ளைச் சோறு, ரசம், தயிர். மட்டை என்கிற பாலக்காட்டுச் சிவப்பரிசி எனக்கு உயிர், ஆனால் அதில் நார் அதிகம், ஓடுகிற நாளுக்கு முந்தின வேளை மட்டும் தள்ளி வைக்கிறேன். காலையில் ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி சர்க்கரை தொட்டு, இல்லையென்றால் புழுங்கின நேந்திரம்பழம் ஒன்று. தினமும் காப்பி குடிக்கிறவர் அன்றைக்கும் குடிக்கலாம், குடிக்காதவர் அன்றைக்கு ஆரம்பிக்க வேண்டாம். முடித்த பிறகு உப்புப் போட்ட மோர். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் என் பேச்சைக் கேட்கக் கூடாது.

எனக்கு மாதம் ஒருமுறையாவது ஓட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட ஆசை. ஆனால் எல்லாரும் பார்ப்பது போலவே இருக்கிறது.
— இல்லத்தரசி, கோவிந்தாபுரம்

பார்க்கட்டும் அம்மணி. முதல் ஐந்து நிமிடம் பார்ப்பார்கள், பிறகு அவரவர் இலையில் கவனம் போய்விடும்.

நான் முதலில் தனியாகச் சாப்பிட்டது பாலக்காட்டில், முப்பது வயதில், ஒரு பயிற்சி முகாமுக்குப் போன இடத்தில். கூட வந்தவர்கள் எல்லாம் டப்பாவில் கொண்டுவந்திருந்தார்கள். பரிமாறுகிற அண்ணன் வந்து "வெள்ளையா, மட்டையா?" என்று கேட்டார். மட்டை என்றேன். செந்நிறச் சோறு, நடுவில் குழி பறித்து சாம்பார், ஓரத்தில் ஓலன், ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாய். டம்ளரில் ரோஸ் நிறத்தில் ஆவி பறக்கிற தண்ணீர். பதிமுகம் என்கிற மரச்சீவல் போட்டுக் காய்ச்சினது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் டம்ளர் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்துக் கொட்டிவிடுவார்கள். கொட்டாதீர்கள், வெயிலில் வந்த வயிற்றுக்கு அதைவிட நல்லது கிடையாது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். போகும்போது கையில் ஒரு வாழ்க்கை வரலாறு. இலை வரும்வரை படிப்பேன், வந்ததும் மூடிவிடுவேன். கதைப் புத்தகமாக இருந்தால் மூட மனசு வராது. ஒருத்தருடைய வாழ்க்கை என்றால், அவரும் நம்மோடு சாப்பிட உட்கார்ந்திருக்கிறார், கை கழுவி வந்து பேசிக்கொள்ளலாம் என்று இருக்கும். நீங்களும் ஒன்றை எடுத்துப் போங்கள். மதியம் பன்னிரண்டரைக்கு முன்னால் போனால் கூட்டம் இருக்காது, சுவர் ஓரத்து மேசை கிடைக்கும்.

பதின்மூன்று வயது மகளுக்கு வாழ்க்கை வரலாறு வாங்கிக் கொடுத்தேன். பத்துப் பக்கத்தில் மூடிவிட்டாள். என்ன கொடுக்கலாம்?
— தந்தை, நல்லேப்பிள்ளி

அண்ணா, அவள் மூடினது சரிதான் என்று நினைக்கிறேன். பிள்ளைகளுக்கென்று விற்கிற பல புத்தகங்களில் வாழ்க்கை இருப்பதில்லை. பிறந்தார், படித்தார், விருது வாங்கினார், அவ்வளவுதான். ஒரு நாள் முழுக்க அந்த ஆள் என்ன செய்தார் என்று ஒரு பக்கம்கூட இருக்காது.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது இது: யாருடைய வாழ்க்கையைப் படித்தாலும் அவர் என்ன சாப்பிட்டார் என்று தேடு. பி.டி. உஷாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1984, லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடந்த வருடம். மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண்ணுக்கு 55.41 விநாடி, உஷாவுக்கு 55.42. நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலம் போயிற்று. எனக்கு அப்போது பதினேழு வயது. எங்கள் தெருவில் ஒரே ஒரு ரேடியோ, அதைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போனது நினைவிருக்கிறது. இந்த எண் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும்.

பல வருடம் கழித்து உஷா ஒரு பேட்டியில் வேறொன்று சொன்னார். ஒலிம்பிக் கிராமத்தில் அங்கத்திய சாப்பாடு வாய்க்குப் பிடிக்காமல், கஞ்சியும், கேரளத்தில் கடுமாங்காய் என்று சொல்கிற மாவடு ஊறுகாயும் சாப்பிட்டு ஓடினாராம். கடைசி 35 மீட்டரில் உடம்பில் தெம்பு நிற்கவில்லை என்றார். அதைப் படித்த அன்று நான் சமையலறையில் போய் உட்கார்ந்துவிட்டேன். நூறில் ஒரு பங்கு விநாடி எவ்வளவு என்று எனக்குக் கையில் பிடிபட்டதில்லை. கஞ்சித் தட்டும் மாவடு ஊறுகாயும் தினமும் பார்க்கிறவை. அந்தப் பெண் அந்நிய ஊரில், பக்கத்து மேசையில் உலகமே இறைச்சியும் முட்டையும் சாப்பிட, தனியாகக் கஞ்சி குடித்தது கண்ணுக்குள் நிற்கிறது. உங்கள் மகளுக்கு 55.42-ஐச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த வருடமே ஜகார்த்தா ஆசியப் போட்டியில் ஐந்து தங்கம் வாங்கினார் என்பதையும் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு மூன்று வயது ஆகட்டும், உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' கொடுங்கள். எண்பத்தைந்து வயதை ஒட்டி ஆனந்த விகடனில் எழுத ஆரம்பித்தது. முடிக்கும் முன்பே 1942-ல் காலமாகிவிட்டார். ஏடு தேடின பெரியவர் என்று பாடத்தில் படித்திருப்பாள். ஆனால் அந்தப் புத்தகத்தில் எந்த ஊருக்கு எப்படிப் போனார், யார் வீட்டில் சாப்பாடு, கையில் காசு இல்லாத நாளை எப்படிக் கழித்தார் என்றெல்லாம் வரும். முழுக்கப் படிக்கச் சொல்லி நெருக்க வேண்டாம். நடுவில் திறந்து ஒரு பயணத்தைப் படிக்கட்டும்.

உங்கள் ஊர் வாயனசாலையில், அதாவது நூலகத்தில், உறுப்பினர் ஆக்கிவிடுங்கள். பி.என். பணிக்கர் கேரளம் முழுக்க நடந்து வாயனசாலைகளை ஒன்றாகச் சேர்த்தவர். அவர் மறைந்த ஜூன் 19-ஐத்தான் இங்கே வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறோம். தமிழ்ப் புத்தகம் இல்லையென்றால் கேட்டு எழுதிக் கொடுங்கள். கேட்கிற ஆள் இல்லாததால்தான் பல இடத்தில் அந்த அலமாரி காலியாக இருக்கிறது.

அபேபே பிகிலா வெறுங்காலில் ஓடி ஜெயித்தார் என்று படித்தேன். நமக்கு எதற்கு ஷூ?
— வாசகர், மீனாட்சிபுரம்

அந்த எத்தியோப்பிய வீரர் 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் ஓடினது வெறுங்காலில். 1964 டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு ஓடி, 2 மணி 12 நிமிடத்தில் மறுபடியும் தங்கம் வாங்கினார், அதுவும் குடல்வால் அறுவை முடிந்து ஆறு வாரம்கூட ஆகாத நிலையில். அவருடைய பாதம் சிறுவயதிலிருந்தே பழகினது. நம் தார் ரோட்டில் கண்ணாடிச் சில்லும் கருவேல முள்ளும் கிடக்கிறது, வாங்கிப் போடுங்கள்.

என் மகள் ஏழாவது, தமிழ் வழியில் படிக்கிறாள். 600 மீட்டர் நன்றாக ஓடுகிறாள். விளையாட்டில் மேலே வர வேண்டுமென்றால் மலையாள வழிக்கு மாற்ற வேண்டும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள்.
— தாய், கொழிஞ்சாம்பாறை அருகே

தங்கச்சி, அவசரப்பட்டு மாற்ற வேண்டாம்.

ஒன்று சொல்கிறேன், இதை யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. என்னிடம் படித்த ஒரு பிள்ளை, 800 மீட்டர். அப்பா செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்த குடும்பம், தமிழ் மட்டும்தான் எழுதப் படிக்கத் தெரியும். மாவட்டப் போட்டிக்குக் கூட்டிப்போனேன். மத்தியானம் என்று இருந்த ஓட்டத்தைக் காலைக்கு மாற்றி, பலகையில் மலையாளத்தில் எழுதி ஒட்டிவிட்டார்கள். நான் வேறு பிள்ளையோடு நீளத் தாண்டல் பக்கம் இருந்தேன். இவள் அந்தப் பலகைக்கு முன்னாலேயே உட்கார்ந்து கால் நீட்டித் தசையைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். துப்பாக்கிச் சத்தம் கேட்டு நான் விஷயத்தைப் புரிந்துகொள்வதற்குள் அவளுடைய ஓட்டம் முதல் வளைவைத் தாண்டிவிட்டது. அழவில்லை. "டீச்சர், அதுல என்ன எழுதியிருக்கு?" என்று மட்டும் கேட்டாள். போனதும் முதல் வேலையாக நான் பலகையைப் படித்திருக்க வேண்டும். அந்தக் குற்றம் என்னுடையது.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஓட்டக்காரப் பிள்ளைக்கும் மலையாள எழுத்தை நானே சொல்லிக் கொடுத்தேன். பேச்சு நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே வரும், எழுத்து இரண்டு மாதத்தில் வந்துவிடும். அதற்காகப் பள்ளியை மாற்றி, கணக்கையும் அறிவியலையும் வேறு மொழியில் முதலிலிருந்து தொடங்க வைத்தால் ஓடுகிற தெம்பு படிப்பிலேயே போய்விடும்.

நம் மாவட்டம் ஓட்டத்துக்குப் பேர் போனது. பறளி, முண்டூர் பள்ளிகளின் பிள்ளைகள் மாநிலப் போட்டியில் வாங்கிய பதக்கங்களுக்குக் கணக்கில்லை. முண்டூர்ப் பள்ளியில் ஓடின பி.யு. சித்ரா கூலி வேலை செய்யும் வீட்டுப் பெண், 2017-ல் புவனேசுவரத்திலும் 2019-ல் தோஹாவிலும் ஆசிய அளவில் 1500 மீட்டர் தங்கம் வாங்கினார். அதற்கும் முன்னால், 1982 தில்லி ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வாங்கிய எம்.டி. வல்சம்மா, பாலக்காடு மெர்சி கல்லூரியில் படித்தவர். நல்ல பயிற்சியாளரும் தினமும் ஒரு முட்டையும் இருக்கிற இடமா என்று பாருங்கள். எந்த மொழிப் பள்ளி என்பது அதற்கு அப்புறம்.

ஏழாவது படிக்கிற பிள்ளையை வாரத்தில் ஆறு நாள் நேரம் வைத்து ஓட விட வேண்டாம். மூன்று நாள் ஓட்டம், மீதி நாள் கபடி, கயிறு தாண்டல், எதுவானாலும். முழங்கால் வலி என்று சொன்னால் சாக்கு என்று நினைக்காமல் நிறுத்திவிடுங்கள்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு மைதானத்துக்குக் கூட்டி வாருங்கள். வேப்ப மரத்தடியில் இருப்பேன், ஸ்டாப்வாட்ச் என்னிடம் இருக்கிறது. வரும்போது ஒரு நாலு கோடு நோட்டும் பென்சிலும் கொடுத்து விடுங்கள்.