மின்சாரம் எட்டாத பயணத்தில் சிறிய கேமரா: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆறு நாள் நடைப்பயணமாக மலைக்காட்டுக்குள் செல்லவிருக்கிறேன். வழியில் எங்கும் மின்சாரம் கிடைக்காது. சட்டைப் பையில் அடங்கும் சிறிய கேமராவும் அதனுடன் வந்த ஒரே பேட்டரியும் என்னிடம் உள்ளன. 10,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்க் ஒன்று வாங்கினால் போதுமா, கூடுதல் பேட்டரிகள் வாங்குவது நல்லதா?

பதில்: கேமராவுக்கு மட்டும்தான் மின்சாரம் தேவை என்றால் கூடுதல் பேட்டரிகளையே வாங்குங்கள். இதன் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். கணக்கு பிடிபட்டுவிட்டால் அடுத்த பயணத்துக்கு எவரையும் கேட்க வேண்டியிராது.

பவர் பேங்கின் மேல் அச்சிட்டிருக்கும் 10,000 என்ற எண், உள்ளே இருக்கும் மின்கலத்தின் 3.6 அல்லது 3.7 வோல்ட் அழுத்தத்துக்கு உரியது. வெளியே வருவதோ 5 வோல்ட். எனவே மில்லி ஆம்பியர் மணியை மட்டும் வைத்து ஒப்பிட்டால் கணக்கு தப்பும். ஆம்பியர் மணியை வோல்ட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் வாட் மணிக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். 10 ஆம்பியர் மணியை 3.7ஆல் பெருக்கினால் 37 வாட் மணி. பவர் பேங்க் தன் அழுத்தத்தை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும்போது அதில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது; கேமரா அதை மீண்டும் குறைத்துத் தன் பேட்டரியில் ஏற்றும்போது இன்னொரு பகுதி வீணாகிறது. இரண்டும் போக, கேமராவின் பேட்டரிக்குள் ஏறத்தாழ 25 வாட் மணி போய்ச் சேர்ந்தால் அதை நல்ல பவர் பேங்க் என்றே சொல்வேன்.

இனி கேமராவின் பக்கம். சோனி ஆர்.எக்ஸ்.100 வரிசைக் கேமராக்களில் போடும் என்.பி.-பி.எக்ஸ்.1 பேட்டரியை எடுத்துக்கொள்வோம். 1,240 மில்லி ஆம்பியர் மணி, 3.6 வோல்ட், அதாவது சுமார் 4.5 வாட் மணி. சிறிய கேமராக்களின் பேட்டரிகள் பெரும்பாலும் இந்த அளவை ஒட்டியே இருக்கும். எனவே அந்தப் பவர் பேங்க் தருவது ஐந்து தடவைக்கான சார்ஜ்தான். இத்தகைய பேட்டரி ஒன்று சுமார் 25 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேட்டரிகள் 125 கிராம். பவர் பேங்க் பொதுவாக 200 கிராமை ஒட்டி இருக்கும், கேபிள் தனி. தோளில் சுமந்து நடப்பவருக்கு இந்த வேறுபாடு சிறிதன்று.

எடையை விடவும் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பேட்டரியை மாற்ற அரை நிமிடம் போதும். ஆனால் கேமராவுக்குள்ளேயே சார்ஜ் ஏற்றுவதென்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், அதுவரை பல கேமராக்களால் படம் எடுக்க முடியாது. மேலும், பவர் பேங்க் தண்ணீரில் விழுந்தாலோ கேபிள் பழுதானாலோ உங்கள் மின்சாரம் முழுவதும் ஒரேயடியாகப் போய்விடும். ஐந்து பேட்டரிகளில் ஒன்று கெட்டால் மீதம் நான்கு இருக்கும்.

கைபேசி, நெற்றி விளக்கு ஆகியவற்றுக்கும் சார்ஜ் வேண்டுமென்றால் நிலைமை மாறுகிறது. அப்போது எப்படியும் பவர் பேங்க் வரப்போகிறது என்பதால், அதனுடன் இரண்டு கூடுதல் பேட்டரிகளே போதும்.

ஒரு நாளைக்கு எத்தனை பேட்டரி செலவாகும் என்பதை விளம்பரத்தில் இருக்கும் படங்களின் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்ய வேண்டாம். சி.ஐ.பி.ஏ. என்ற ஜப்பானியக் கேமரா தயாரிப்பாளர் சங்கத்தின் முறைப்படி எடுக்கப்படும் எண்ணிக்கை அது. சுமார் 23 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், 30 விநாடிக்கு ஒரு படம் என்ற கணக்கில் சோதிப்பார்கள். இரண்டு கேமராக்களை ஒப்பிட அது உதவும். ஆனால் மலைச்சரிவில் நின்று, திரையை எரியவிட்டபடி, மேகம் விலகக் காத்திருப்பவருக்கு அது பொருந்தாது. புறப்படுவதற்கு முன் ஒரு முழு நாள், பயணத்தில் எடுப்பதைப் போலவே படம் எடுத்துப் பாருங்கள். அன்று செலவானதை ஆறால் பெருக்கி, குளிருக்காக ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நிரம்பியதும் தீர்ந்ததும் கலந்துவிடாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். பேட்டரிகளைப் பிளாஸ்டிக் பெட்டியில் வைக்கும்போது, நிரம்பியவற்றை உலோக முனை மேலே தெரியும்படியும், தீர்ந்தவற்றைத் தலைகீழாகவும் செருகிவிடுங்கள். இருட்டிலும் விரலால் தடவியே கண்டுபிடித்துவிடலாம். சாவி, நாணயம் இருக்கும் பையில் பேட்டரியை வெறுமனே போடவே கூடாது; இரு முனைகளையும் உலோகம் தொட்டால் குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

கேள்வி: பனி படர்ந்த இடத்தில் விடியற்காலையில் கேமராவை இயக்கியபோது, பாதிக்கு மேல் சார்ஜ் காட்டிய பேட்டரி சில படங்களிலேயே நின்றுவிட்டது. மதியம் அதே பேட்டரி மறுபடி வேலை செய்தது. பேட்டரி பழுதாகிவிட்டதா?

பதில்: பழுதாகவில்லை, குளிர்ந்திருந்தது. லித்தியம் அயனி பேட்டரிக்குள் மின்னூட்டத்தைச் சுமந்து செல்லும் திரவம் குளிரில் தடித்துப்போகிறது. அயனிகளின் ஓட்டம் மந்தமாகி, உள்தடை உயர்கிறது. கேமராவோ லென்ஸை வெளியே நீட்டும்போதும் குவியத்தைத் தேடும்போதும் திடீரென்று அதிக மின்னோட்டத்தைக் கேட்கிறது. அந்தக் கணத்தில் பேட்டரியின் அழுத்தம் சரிந்துவிடுவதால், சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று எண்ணிக் கேமரா தன்னை அணைத்துக்கொள்கிறது. ஆற்றல் எங்கும் போய்விடவில்லை. வெயில் ஏறியதும் அழுத்தம் மீண்டது, அவ்வளவே.

ஆகவே குளிர்ப் பிரதேசத்தில் பேட்டரி இருக்க வேண்டிய இடம் முதுகுப்பை அன்று, உடலை ஒட்டிய உள்சட்டைப் பை. பகலில் இரண்டு பேட்டரிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்: ஒன்று சோர்ந்ததும் அதை உள்பையில் போட்டு, கதகதப்பாக இருக்கும் மற்றதைக் கேமராவில் செருகுங்கள். இரவில் எல்லாப் பேட்டரிகளையும் ஒரு காலுறைக்குள் போட்டுத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கேமராவில் இருப்பதையும் கழற்றி அவற்றோடு சேர்த்துவிடுங்கள். கேமரா மட்டும் பையிலேயே குளிராக இருக்கட்டும்; அதைத் தூக்கப்பைக்குள் கொண்டுவந்தால் மூச்சின் ஈரம் லென்ஸில் நீர்த்துளிகளாகப் படியும்.

இதில் ஒன்றை மிகவும் வலியுறுத்துகிறேன். உறைநிலைக்குக் கீழே, அதாவது 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றாதீர்கள். அந்நிலையில் லித்தியம் எதிர்மின்முனைக்குள் புகாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்துவிடும். குளிரில் பயன்படுத்துவதால் வரும் சோர்வு தற்காலிகமானது, ஆனால் குளிரில் சார்ஜ் ஏற்றுவதால் வரும் கேடு நிரந்தரமானது. முதலில் பேட்டரியை உடல் சூட்டில் கதகதப்பாக்கிவிட்டுப் பிறகு ஏற்றுங்கள்.

கேள்வி: முதுகுப்பையின் மேல் கட்டிக்கொள்ளும் சோலார் பேனலைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? நடந்துகொண்டே சார்ஜ் ஏறிவிடும் என்கிறார்கள்.

பதில்: ஒரு வாரத்துக்குள் முடியும் பயணத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பேனலின் மேல் 10 வாட் என்று எழுதியிருந்தால், அது ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி நேர்செங்குத்தாக விழும்போது, பேனலின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கையில் கிடைக்கும் அளவு. கதிர் 60 டிகிரி சாய்ந்து விழுந்தால் பேனலின் மேல் படும் நேரடி ஒளி பாதியாகிவிடும். நடப்பவரின் முதுகு சூரியனை நோக்கித் திரும்பியே இருப்பதில்லை. மர நிழலுக்குள் நுழைந்தால் ஏறக்குறைய எதுவும் கிடைக்காது. அதைவிட, பேனலில் உள்ள மின்கலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால், பையின் ஒரு பட்டை ஒரு கலத்தின் மேல் நிழல் விழச் செய்தால் மொத்தப் பேனலின் வரவும் குறைந்துவிடக்கூடும்.

நெடுநாள் பயணமாக இருந்து, திறந்தவெளியில் நண்பகல் முழுவதும் ஓரிடத்தில் தங்குவீர்கள் என்றால் பேனல் பயன்படும். அப்போதும் அதைக் கேமராவில் நேரடியாகப் பொருத்தாமல் பவர் பேங்கில் ஏற்றுங்கள், மேகம் வந்து போகும்போதெல்லாம் மின்னோட்டம் அறுந்து, சில கேமராக்கள் சார்ஜ் ஏற்றுவதையே நிறுத்திவிடும். பவர் பேங்கைப் பேனலின் நிழலில் வைக்க மறவாதீர்கள்.

கேள்வி: இருக்கும் பேட்டரியையே அதிக நேரம் ஓட்டுவது எப்படி?

பதில்: முதலில் வைஃபை, புளூடூத், ஜி.பி.எஸ். மூன்றையும் நிறுத்துங்கள். சில கேமராக்கள் அணைத்த பிறகும் கைபேசியுடன் புளூடூத் தொடர்பை விடாமல் வைத்திருக்கும். பையில் சும்மா கிடக்கும்போதே சார்ஜ் குறைவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். எடுத்த படத்தைத் திரையில் உடனே காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். படங்களைப் பார்த்து அழிக்கும் வேலையை ஊர் திரும்பும்வரை தள்ளிப்போடுங்கள். வீடியோதான் எல்லாவற்றிலும் பெரிய செலவாளி. தானாக அணையும் நேரத்தைக் குறைப்பது நல்லதே. ஆனால் லென்ஸ் வெளியே நீளும் கேமராக்களில் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் மோட்டாருக்கு மின்சாரம் செலவாகும் என்பதால், அடுத்தடுத்துப் படம் எடுக்கும்போது அணைத்து அணைத்து இயக்க வேண்டாம்.

கேள்வி: பவர் பேங்கில் இணைத்த கேமராவுக்குச் சில நேரம் சார்ஜ் ஏறவே இல்லை. சில நேரம் பாதியில் நிற்கிறது. ஏன்?

பதில்: ஏறவே இல்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சில கருவிகள் இரு முனையும் டைப்-சி ஆக உள்ள கேபிளை ஏற்பதில்லை. ஒரு முனை பழைய யு.எஸ்.பி.-ஏ ஆக உள்ள கேபிளில் ஒழுங்காக ஏறும். கேமரா அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பல கேமராக்கள் இயக்கத்தில் இருக்கும்போது சார்ஜ் ஏற்றுவதில்லை. பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் பவர் பேங்கே காரணம். மின்னோட்டம் மிகக் குறைந்துவிட்டால் எதுவும் இணைக்கப்படவில்லை என்று கருதி அது அணைந்துவிடும். சிறு கருவிகளுக்கான குறைந்த மின்னோட்ட நிலை உள்ள பவர் பேங்கைத் தேர்ந்தெடுங்கள். எதுவானாலும் கேமரா, கேபிள், பவர் பேங்க் மூன்றையும் வீட்டிலேயே ஒரு முறை முழுச் சார்ஜ் ஏற்றிச் சோதித்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

கேள்வி: வேற்று நிறுவனங்களின் மலிவான பேட்டரிகளை நம்பலாமா? விமானத்தில் இத்தனையையும் எடுத்துச் செல்ல விடுவார்களா?

பதில்: அதே அளவுள்ள பேட்டரியில் அசலை விட மிக அதிகமான எண் அச்சிட்டிருந்தால் அதை வாங்காதீர்கள். வாங்கியவற்றுக்கு எண்ணிட்டு, ஒவ்வொன்றும் எத்தனை படம் தருகிறது என்று பாருங்கள். லேசாக உப்பியிருந்தாலும் விலக்கிவிடுங்கள், அது கேமராவுக்குள் சிக்கிக்கொண்டால் காட்டுக்குள் வெளியே எடுக்க வழியில்லை. விமானத்தில் கூடுதல் பேட்டரிகளும் பவர் பேங்கும் கையில் எடுத்துச் செல்லும் பையில் மட்டுமே இருக்க வேண்டும். சரக்கில் போகும் பெட்டியில் வைக்கக் கூடாது. ஒவ்வொன்றும் 100 வாட் மணிக்குள் இருந்தால் பொதுவாக முன் அனுமதி தேவையில்லை. உங்கள் கேமரா பேட்டரிகள் அந்த வரம்புக்கு வெகு கீழே உள்ளவை. எத்தனை எடுத்துச் செல்லலாம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், பயணச்சீட்டு வாங்கும்போதே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.