அண்ணா சாலையில் பழைய மவுண்ட் ரோடு இன்னும் மிச்சம் இருக்கிறதா? எந்தெந்தக் கடைகள், கட்டடங்கள்?

இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் தரைத்தளத்தில் தேடினால் கண்ணில் படாது. செல்போன் கடை, ஏ.டி.எம்., வங்கிப் பலகை இவற்றைத் தாண்டிக் கொஞ்சம் அண்ணாந்து பார்க்க வேண்டும். பல வருடமாக இந்தச் சாலையில்தான் வேலை பார்க்கிறேன். தினமும் நடக்கிற தெரு என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சென்னைக் கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் போகிற பாதைதான் மவுண்ட் ரோடு. இன்றைக்கு அதன் பெயர்தான் அண்ணா சாலை. சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்க 1726-இல் பாலம் கட்டிக்கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். அதன் பிறகு வழிநெடுக வெள்ளைக்காரர்களின் தோட்ட வீடுகள் வந்தன. 19-ஆம் நூற்றாண்டில் அவர்களுக்குச் சாமான் விற்கக் கடைகள் வந்தன. புத்தகம், கடிகாரம், குதிரை வண்டி, மருந்து, சுருட்டு என்று ஒவ்வொன்றுக்கும் பெரிய பெரிய கடை.

புத்தகத்துக்கு ஹிக்கின்பாதம்ஸ். 1844-இல் ஆபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் தொடங்கியது. இப்போதைய வெள்ளைக் கட்டடம் 1904-இல் வந்தது. உள்ளே போனதும் புத்தகத்தைப் பார்ப்பதற்கு முன் கூரையைப் பாருங்கள். அவ்வளவு உயரம். வண்ணக் கண்ணாடி வழியாக வெளிச்சம் விழும், காலடியில் கறுப்பும் வெள்ளையுமாகப் பளிங்குத் தரை. வெளியே பேருந்துச் சத்தம் காதைப் பிளக்கும்போதும் உள்ளே மெதுவாகப் பேசினால் போதும். அங்கே நின்று புத்தகம் புரட்டுவது எனக்கு இன்றும் பெரிய சந்தோஷம்.

வண்டிக்கு சிம்சன். 1840-இல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய நிறுவனம். 1903-இல் அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் நீராவியில் ஓடும் கார் ஒன்றையே செய்து சென்னைத் தெருவில் ஓட்டிக் காட்டினார். பிற்பாடு சிம்சனும் ஹிக்கின்பாதம்ஸும் தொழிலதிபர் அனந்தராமகிருஷ்ணனின் அமால்கமேஷன்ஸ் குழுமத்துக்குள் வந்தன. கடிகாரத்துக்கு பி.ஆர் அண்ட் சன்ஸ். அதன் கோபுரக் கடிகாரத்துக்கு நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்திலிருந்து தந்திக் கம்பி வழியாகச் சரியான நேரம் வந்ததாம்.

என் அபிப்பிராயம் இதுதான்: இந்த மூன்றும் நிற்பதற்குக் காரணம், கை மாறினாலும் தொழில் மாறவில்லை. புத்தகக் கடையை வாங்கியவர் புத்தகமே விற்றார். கடிகாரக் கடையை வாங்கியவரும் அப்படித்தான். வியாபாரம் நடந்தால் ஓடு மாற்றுவார்கள், சுண்ணாம்பு அடிப்பார்கள், ஒழுகினால் பார்ப்பார்கள். வெறும் மனையாகப் பார்க்கிறவர் கைக்குப் போனால் கதை வேறு.

தொழில் மாறியும் தப்பித்தது விக்டரி ஹவுஸ். முதலில் ஒயிட்அவே லெய்ட்லா என்ற துணிமணிக் கடை. வெள்ளைக்காரர் வந்து போன இடம். அப்புறம் சுதேசமித்திரன் பத்திரிகை அங்கே குடிவந்தது. 1882-இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய, பாரதி வேலை பார்த்த அதே பத்திரிகைதான் (பாரதி காலத்தில் அலுவலகம் வேறு இடத்தில் இருந்தது). சீமைத் துணி விற்ற மாளிகைக்குள் சுதேசமித்திரன் என்று பெயர் வைத்த பத்திரிகை போய் உட்கார்ந்ததை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கும். அதற்கும் பிறகு வி.ஜி.பி. கடை வந்தது. தவணை முறையில் ரேடியோவும் மின்விசிறியும் வாங்கிய நடுத்தரக் குடும்பங்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே போதும். மூன்று காலம், ஒரே கட்டடம்.

எல்.ஐ.சி. கட்டடத்தை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை எல்.ஐ.சி. தொடங்கவில்லை. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தன் யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கட்ட ஆரம்பித்தது அது. 1954-இல் விமான விபத்தில் அவர் இறந்துபோனார். 1956-இல் ஆயுள் காப்பீடு அரசுடைமை ஆனது. 1959-இல் திறக்கும்போது 14 மாடி, அன்றைக்கு இந்தியாவிலேயே உயரம். பழைய படங்களில் கதாநாயகன் பட்டணம் வந்துவிட்டான் என்று காட்ட சென்ட்ரல் ஸ்டேஷன், அடுத்து எல்.ஐ.சி., அவ்வளவுதான். 1975-இல் பெரிய தீ விபத்து நடந்தும் கட்டடம் தாங்கியது.

மனசு வலிப்பது பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தைப் பார்க்கும்போதுதான். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு முனையில் இருக்கிறது. டபிள்யூ. இ. ஸ்மித் என்ற மருந்துக் கடைக்காரர் 1897-இல் கட்டியது, அப்போது அதன் பெயர் கார்டில். செங்கல் நிறம், கூம்புக் கோபுரங்கள், வளைவு வளைவாகத் தாழ்வாரம். பாரத் காப்பீட்டு நிறுவனம் 1934-இல் வாங்கியது, அரசுடைமைக்குப் பின் எல்.ஐ.சி.க்கு வந்தது. 2006-இல் இடிக்கத் தொடங்கினார்கள். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனது. 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் பாரம்பரியக் கட்டடங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் இடிக்காமல் விடுவது மட்டும் காப்பாற்றுவது ஆகாது. சுவரிலே மரம் முளைத்தால் வேர் தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். அதைச் செப்பனிட்டு ஒரு நகர அருங்காட்சியகமாகத் திறந்துவிடுங்கள் என்று நான் யாரிடம் வேண்டுமானாலும் கெஞ்சத் தயார்.

ஸ்பென்சர்ஸ் தப்பவில்லை. 1890களில் எழுந்த சிவப்புக் கட்டடம். குண்டூசி முதல் திண்டுக்கல் சுருட்டு வரை கிடைத்த கடை. 80களில் தீ தின்றது. அதே மனையில் 90களில் வந்ததுதான் ஸ்பென்சர் பிளாசா. நாங்கள் எஸ்கலேட்டரில் முதன்முதலாகக் கால் வைத்தது அங்கேதான் என்பதால் அதன்மேலும் எனக்குப் பிரியம் உண்டு.

தியேட்டர்களில் போனவை அதிகம். சஃபையர் வளாகத்தில் இருந்த புளூ டயமண்டில் படம் விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். வெயிலுக்கு ஏ.சி. தேடிப் போனவர்களே பாதிப் பேர் என்று என் மாமா சொல்வார். சஃபையர் இல்லை, ஆனந்த் இல்லை, கெயிட்டியும் இல்லை. தேவி மட்டும் 1970 முதல் ஓடுகிறது. ஆச்சரியம் என்னவென்றால், எல்லாவற்றுக்கும் மூத்த எலெக்ட்ரிக் தியேட்டர் இன்னும் நிற்கிறது. 1913-இல் வார்விக் மேஜர் என்பவர் தொடங்கியது. இரண்டே வருடத்தில் தபால் துறை வாங்கிவிட்டது. அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்தில் தபால்தலை சேகரிப்போருக்கான பிரிவு நடக்கிறதே, அந்தக் கட்டடம்தான்.

நேரில் பார்க்க ஆசை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், கடைகள் மூடியிருப்பதால் முகப்புகள் நன்றாகத் தெரியும். மெட்ரோவில் எல்.ஐ.சி. நிலையத்தில் இறங்கி அண்ணா சிலைப் பக்கம் நடந்தால் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றைப் பார்த்துவிடலாம். பசித்தால் புகாரி இருக்கிறது. 1951 முதல் நடக்கும் கடை. சிக்கன் 65 பிறந்த இடம் என்று சொல்லப்படுவது அதுதான். ஹிக்கின்பாதம்ஸுக்கு மட்டும் வேலை நாளில் தனியாக நேரம் ஒதுக்குங்கள். போனால் ஒரு புத்தகமாவது வாங்கிவிட்டு வாருங்கள்.