இறக்குமதியால் மூடப்படும் ஆலை: ராஜினாமா எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பேருந்தில் சென்று, புதுச்சேரி சேதராப்பட்டில் உள்ள ஒரு தொழிற்சாலையில் 11 ஆண்டுகளாக நிரந்தரத் தொழிலாளியாக வேலை பார்க்கிறேன். கதவுக் கீல், கைப்பிடி முதலியவற்றைச் செய்கிறோம். சீனச் சரக்கு பாதி விலைக்கு வருவதால் கட்டுப்படியாகவில்லை என்றும், அடுத்த மாதம் ஆலையை மூடப்போவதாகவும் நிர்வாகம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டது. மொத்தம் 84 பேர் இருக்கிறோம். ராஜினாமா எழுதிக் கொடுத்தால் உடனே கணக்கு முடித்துப் பணம் தருவதாகச் சொல்கிறார்கள். இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கு அமெரிக்காவில் அரசே உதவுகிறதாமே, நம் நாட்டில் அப்படி ஏதேனும் உண்டா, ஐயா?
– வாசகர், கடலூர்

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் கேள்விப்பட்ட அமெரிக்கத் திட்டம் 1962இல் தொடங்கி, 1974ஆம் ஆண்டின் வணிகச் சட்டத்தால் விரிவடைந்தது. தொழிலாளர்கள் குழுவாகச் சேர்ந்தோ அவர்களுடைய சங்கமோ மனு கொடுத்தால், வேலை இழப்புக்கு இறக்குமதிப் பெருக்கம் முக்கியக் காரணமா என்று அந்நாட்டுத் தொழிலாளர் துறை விசாரித்துச் சான்றளிக்கும். சான்று பெற்றவர்களுக்கு மறுபயிற்சியும், பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையும் கிடைத்தன. ஆனால் 2022 ஜூலை 1 முதல் புதிய மனுக்களுக்குச் சான்றளிப்பது நின்றுவிட்டது. அந்தத் திட்டத்தைப் பார்த்து ஏங்கவும் இப்போது வழியில்லை.

நம் நாட்டில் இறக்குமதியைக் காரணம் காட்டித் தொழிலாளி உதவி கேட்கும் திட்டம் கிடையாது. பொருள் குவிப்புத் தடுப்பு வரி (வெளிநாட்டுச் சரக்கு மிகக் குறைந்த விலைக்கு வந்து குவிவதைத் தடுக்க விதிக்கும் வரி) கோரி மனுச் செய்வது உற்பத்தியாளர்கள். வரி விதிக்கப்பட்டாலும் அந்தப் பணம் கருவூலத்துக்குத்தான் போகும். இங்கே வேலை ஏன் போயிற்று என்பதைவிட, எந்தக் காகிதத்தின் பேரில் போயிற்று என்பதே உங்கள் தகுதியைத் தீர்மானிக்கிறது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுத் தொகுப்புச் சட்டப்படி, 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலையை மூடுவதற்கு 60 நாள்களுக்கு முன்பே அரசுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். (முன் அனுமதியே பெற வேண்டும் என்பது 300 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலைகளுக்குத்தான்.) மூடும்போது, முடித்த ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தரப்பட வேண்டும், உங்களுக்கு அது 165 நாள் சம்பளம். தவிர்க்க முடியாத சூழ்நிலையால் மூடினால் மட்டும் இந்த இழப்பீடு மூன்று மாதச் சராசரிச் சம்பளத்தைத் தாண்ட வேண்டியதில்லை என்று ஒரு விலக்கு இருக்கிறது. நிர்வாகம் சீனச் சரக்கைச் சொல்லி இதைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கலாம். நிதி நெருக்கடியோ, நட்டமோ, விற்காமல் தேங்கிய சரக்கோ மட்டும் அத்தகைய சூழ்நிலை ஆகாது என்று சட்டமே விளக்கம் தந்திருப்பதால், அந்த வாதம் எளிதில் நிற்காது.

அடுத்தது இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு. நீங்கள் காப்பீட்டில் இருந்து (சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய்) இரண்டு ஆண்டுகளாவது சந்தா செலுத்தியிருந்தால், ஆலை மூடப்பட்டாலோ ஆட்குறைப்பு நடந்தாலோ, ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் திட்டத்தின் கீழ் முதல் 12 மாதங்களுக்குச் சம்பளத்தில் பாதி உதவித்தொகையாகக் கிடைக்கும். உதவிக் காலம் அதிகபட்சம் 24 மாதங்கள். அக்காலத்தில் குடும்பத்துக்கு மருத்துவ வசதியும் தொடரும். தாமாக விலகியவருக்கு இது கிடையாது. ராஜினாமாவுக்கு நிர்வாகம் ஏன் அவசரப்படுகிறது என்பது இப்போது விளங்கியிருக்கும்: உங்கள் கடிதம் கையில் வந்துவிட்டால் இழப்பீடு கொடுக்க வேண்டியதில்லை, அதோடு உங்கள் உதவித்தொகையும் போய்விடும். உடனே தருவதாகச் சொல்லும் பணத்தில் பெரும் பகுதி உங்கள் பணிக்கொடையாகவே (கிராஜுவிட்டி) இருக்கக்கூடும். ஐந்தாண்டு தாண்டிய உங்களுக்கு, ராஜினாமா செய்தாலும் செய்யாவிட்டாலும் அது சேர வேண்டிய தொகைதான்.

வீடு கடலூரில் இருந்தாலும் ஆலை புதுச்சேரியில் இருப்பதால், கடலூர் தொழிலாளர் அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். புதுச்சேரி அரசின் தொழிலாளர் துறையிலேயே எழுத்துப்பூர்வமாக மனுக் கொடுங்கள். மூடல் அறிவிப்பு அரசுக்குக் கொடுக்கப்பட்டதா, எந்தத் தேதியில் என்று அதில் கேளுங்கள். 84 பேரும் சேர்ந்து கையெழுத்திடுவது நல்லது. சம்பளச் சீட்டுகள், இ.எஸ்.ஐ. எண், நியமன ஆணை ஆகியவற்றின் நகல்களை ஆலைக் கதவு திறந்திருக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.