கிவு ஏரிக்கரையில் ஒரு சூப்பர்ஹீரோ – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காங்கோவின் கோமா நகரில் நடக்கும் 22 பக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸ் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகன் பறப்பான், கடைசியில் ஆயுதக் குழுவின் கோல்டான் (மின்னணுக் கருவிகளுக்குப் பயன்படும் தாது) சுரங்கத்தைத் தகர்ப்பான். வாசித்த நண்பர்கள் கதையில் ஊரே தெரியவில்லை என்கிறார்கள். கற்பனை நகரமாக மாற்றிவிடலாமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வேண்டாம். டிசி காமிக்ஸ் நிறுவனம் 2011இல் தொடங்கிய 'பேட்விங்' தொடர் அப்படித்தான் செய்தது: நாடு காங்கோ, நகரம் தினாஷா என்ற கற்பனை. கற்பனை நகரத்தில் தெரு, மண், மொழி எல்லாவற்றையும் நீங்களே கட்ட வேண்டியிருக்கும். கோமா அவற்றைச் சும்மா தருகிறது.

புல்வெளியும் ஒட்டகச்சிவிங்கியும் அங்கே கிடையாது. கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில், ருவாண்டா எல்லையை ஒட்டிய ஊர். 2002இல் நீராகொங்கோ எரிமலைக் குழம்பு ஊருக்குள் ஓடி, விமான ஓடுபாதையின் ஒரு பகுதியையே மூடியது. மதில்கள் கரிய எரிமலைக் கல். வண்ணம் தீட்டுபவர் செம்மண் நிறத்தை எடுத்தால் தடுத்துவிடுங்கள்.

துரத்தல் காட்சிக்குக் கார் எதற்கு? சுக்குடு இருக்கிறது. மரத்தாலான இருசக்கரச் சுமைவண்டி, பெடல் கிடையாது, மரச்சக்கரத்தைச் சுற்றிப் பழைய டயர் ரப்பர். மேட்டில் மூட்டைகளோடு தள்ளிக்கொண்டு போவார்கள். இறக்கத்தில் பலகையில் ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டு பாய்வார்கள். சுமை ஏறிய சுக்குடு சட்டென்று நிற்காது, உங்கள் பேனல்கள் (படக் கட்டங்கள்) அங்கேதான் இருக்கின்றன.

தெருவில் சுவாஹிலி, அரசுச் சிப்பாய்கள் வாயில் லிங்காலா, பெயர்ப்பலகைகளில் பிரெஞ்சு. வசன பலூனின் விளிம்பை மாற்றினாலே யார் எந்த மொழி பேசுகிறார் என்று தெரிந்துவிடும். மாதமும் வருடமும் முதல் பேனலிலேயே வரட்டும்: 2024 ஏப்ரலில் கோல்டான் சுரங்க ஊரான ருபாயாவும் 2025 ஜனவரியில் கோமாவும் எம்23 என்ற கிளர்ச்சிக் குழுவின் வசம் போயின. சோதனைச் சாவடியில் எந்தச் சீருடை நிற்கும் என்பதை அதுதான் முடிவு செய்யும்.

உண்மையான கோளாறு உங்கள் முடிவில்தான். ருபாயா போன்ற இடத்தில் தகர்க்க என்ன இருக்கிறது? மண்வெட்டியால் தோண்டிய குழிகள். அதை மூடினால் தோண்டுகிறவனுக்குக் கூலி போகும். குழு அடுத்த மலைக்குப் போய், அங்கிருந்து வரும் மூட்டைக்கு வரி வாங்கும். எனவே நாயகன் ஒரு தாது மூட்டையைப் பின்தொடரட்டும், ஆறு பக்கம் கொடுங்கள்: குழி, கழுவும் ஓடை, தரகர், கிடங்கு, எல்லை. மூட்டைக்கு அடையாளச் சீட்டு கட்டும் முறை இருக்கிறது. மோசடியும் அதிலேயே நடக்கிறது, ஒரு மலையின் சீட்டு இன்னொரு மலையின் மூட்டையில் ஏறிவிடும். லாரியைத் தூக்குகிற பலம் உள்ளவனால்கூட எந்தத் தாது எந்த மலையினுடையது என்று பார்த்துச் சொல்ல முடியாது. உச்சக்காட்சியைக் கிடங்குக்கு மாற்றுங்கள்.