விரல் போராளிகள்

வணக்கம் ஐயா,

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். நான் பிறந்த தோட்டத்தில் இன்னும் சில குடும்பங்கள் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய பழைய லயத்து வரிசை வீடுகளில் இருக்கின்றன. நிலம் கைமாறிவிட்டது. வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. நாங்கள் இளைஞர்கள் சேர்ந்து புலனக் (வாட்ஸ்அப்) குழு தொடங்கினோம், டிக்டாக்கில் காணொளி போட்டோம், இணையத்தில் கையெழுத்து வேட்டையும் நடத்தினோம். ஆயிரக்கணக்கில் கையெழுத்து குவிந்தது. ஆனால் நில அலுவலகத்தில் மனு கொடுக்கப் போன அன்று ஒரு வேன் நிறைய ஆள் இல்லை. பெரியவர்கள் எங்களை 'விரல் போராளிகள்' என்று கேலி செய்கிறார்கள். கைப்பேசி வந்து போராட்டத்தையே கெடுத்துவிட்டதா?

பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தக் கேலி. கேலி செய்யும் பெரியவர்களைப் போன்றவர்களை எனக்கும் தெரியும். தொழிற்சங்கச் சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொண்ட காலத்தில் சங்கக் கூட்டத்துக்குத் தலைகாட்டாதவர்கள் அவர்களிலும் ஏராளம். அவர்களைச் சேர்த்து வைத்திருந்தது தோட்டம். விடிகாலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் அணிவகுப்பில், எல்லாரும் நின்றாக வேண்டும். தண்ணீர்க் குழாய் ஒன்று, கோயில் ஒன்று, கள்ளுக்கடை ஒன்று. யாரும் கூட்டாமலே கூட்டம் கூடியது. இன்று அவர்கள் பிள்ளைகள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) ஒருவராகச் சிதறிக் கிடக்கிறார்கள். பாதிப் பேருக்கு ஈப்போவிலோ கிள்ளானிலோ வேலை, சிலர் சிங்கப்பூரில். இவர்களை ஒரே இடத்தில் பேச வைக்கப் புலனத்தை விட்டால் வேறு வழி ஏது? கைப்பேசியை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் நீங்கள் இணைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பார்த்தேன். அந்தக் கடிதத்தை யாரோ கையில் பிடித்தபடி படமெடுத்துப் போட்டிருக்கிறார். அவருடைய கட்டைவிரல் தேதியை மறைத்திருக்கிறது. அதற்குக் கீழே கைகூப்பும் பொம்மைகள், கோப முகங்கள், 'ஒன்றுபடுவோம்', நடுவில் ஒருவர் போட்ட ரோஜாப்பூவும் காலை வணக்கமும். 'கெடு என்றைக்கு?' என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இது யார் வீட்டுக்கு வந்த கடிதம் என்றும் கேட்கவில்லை.

இணையத்தில் நீங்கள் கேட்டது கையெழுத்து. கொடுத்தார்கள். வேலை நாளில் சம்பளத்தை விட்டுவிட்டு நில அலுவலகத்துக்கு வரச் சொல்லி யாரைப் பெயர் சொல்லிக் கேட்டீர்கள்? 'அனைவரும் திரண்டு வாரீர்' என்று குழுவில் போட்டால், யாரையும் கூப்பிடவில்லை என்றுதான் அர்த்தம்.

2007 நவம்பர் 25-ஐ இப்போது பலர் குறுஞ்செய்தி நடத்திய பேரணி என்பதுபோலப் பேசுகிறார்கள். கோலாலம்பூரில் பிரிட்டிஷ் தூதரகத்தில் மனு கொடுக்க, மலேசிய இந்தியர்களின் உரிமைக்காகப் போராடிய ஹிண்ட்ராப் இயக்கம் அழைத்த பேரணி அது. அன்று புலனம் பிறக்கவே இல்லை. குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் மலேசியாகினி போன்ற செய்தித் தளங்களும் உதவின, உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய மாதங்களில் ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது. கோயில் உடைப்புகளால் மனம் கொதித்துப் போனவர்கள் அங்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதனால் குறுஞ்செய்தி வந்தபோது தெரிந்தவரிடமிருந்து வந்தது. சாலைத் தடுப்பு இருக்கும், கண்ணீர்ப்புகை அடிப்பார்கள் என்று தெரிந்தே ஒரே காரில் ஐந்து பேர் ஏறினார்கள். ஏறாமல் நின்றவன் மறுநாள் மற்றவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்து 2008 மார்ச் 8 தேர்தல். நம் ஊரிலேயே, பல காலம் அமைச்சராக இருந்த ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் சாமிவேலு தோற்றார். அவரை வென்ற டாக்டர் ஜெயக்குமார் அதற்கு முன் 1999-லும் 2004-லும் இதே தொகுதியில் நின்று தோற்றவர். அந்த இடைப்பட்ட வருடங்களை எந்தக் காணொளியிலும் பார்க்க முடியாது.

இதற்காகச் சமூக ஊடகத்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்ல வரவில்லை. 2021 ஜூலை ஞாபகம் இருக்கிறதா? ஊரடங்கில் சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வீட்டு முன்னால் வெள்ளைக் கொடி கட்டுங்கள் என்ற செய்தி சமூக ஊடகங்களில் பரவியது. யார் தலைவர், எந்தக் கட்சி என்று பார்க்காமல் அரிசியும் முட்டையும் அந்த வாசல்களுக்குப் போயின. கொடி ஒரு வீட்டில் பறந்தது, அதனால் கொடுப்பவருக்கு எங்கே போக வேண்டும் என்று தெரிந்தது. உங்கள் காணொளியை நான் இரண்டு முறை பார்த்தேன். அழுகிற பாட்டி இருக்கிறார், சோக இசை இருக்கிறது. பார்த்து முடித்தவன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் இல்லை.

இன்னொன்று. தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், 1960-இல், இதே ஊரின் நாடாளுமன்ற உறுப்பினர் துன் சம்பந்தன், தொழிலாளர்களின் பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் பத்து வெள்ளி (அன்றைய டாலர்) கேட்டார். அன்றைய கூலிக்கு அது பெரிய பணம். அவர் அரசியலைப் பற்றி எனக்கு வேறு கருத்துகள் உண்டு, அதை இன்னொரு நாள் பேசலாம். ஆனால் பத்து வெள்ளி கொடுத்து ரசீது வாங்கியவன் அடுத்த மாதம் கணக்குக் கேட்பான், கூட்டத்துக்கும் வருவான். லைக் போட்டவனுக்குக் கேட்பதற்கு ஒன்றும் கிடையாது.

சரி, இப்போது என்ன செய்வது? குழுவை மூட வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அந்த லயத்தில் வீடு வீடாகப் போங்கள். கடிதம் யார் பெயருக்கு வந்தது, அதில் என்ன தேதி, குடும்பத்தில் யார் எத்தனை வருடம் வேலை செய்தார்கள், பழைய சம்பளச் சீட்டோ சேமநிதிக் கணக்கோ இருக்கிறதா என்று எழுதுங்கள். பெரியவர்கள் தட்டச்சு செய்ய மாட்டார்கள், குரல் பதிவாக வாங்கிக்கொள்ளுங்கள்; கைப்பேசியின் உண்மையான உபகாரம் அதுதான். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்குப் போங்கள். கேலி செய்த பெரியவர் ஒருவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். யார் வீடு எப்போது கட்டியது என்பது அவருக்குத்தான் தெரியும்.

அதுவரை நிறுவனத்தின் பெயரைப் போட்டு ஆவேசக் காணொளி வேண்டாம். 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவு இருக்கிறது; இணையத்தில் பிறரைப் புண்படுத்தும் பதிவு போட்டதாக அதன்கீழ் வழக்குப் போடலாம். வீட்டுக்காகப் போராட வந்தவன் தன் வழக்கைப் பார்க்க அலைய வேண்டியதாகிவிடும்.

அப்புறம், இன்று அந்தத் தோட்டத்தில் எண்ணெய்ப்பனைக் குலை வெட்டுவது வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும். உங்கள் குழுவில் அவர்களில் ஒருவரும் இல்லை. இருப்பவர்கள் எல்லாரும் தோட்டத்தை விட்டு வந்தவர்கள். வீடு வீடாகப் போகும்போது அந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கும் கொங்சிக் குடிசைகளையும் தட்டுங்கள். லயத்தை இடிக்கும் இயந்திரம் என்றைக்கு வருகிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.