வளரும் நாடுகளில் பொருளாதாரம் வளர்ந்தால் ஏழைக் குடும்பங்களின் நிலையும் தானாக உயருமா?

உயரும், ஆனால் தானாக இல்லை. கேள்வியைப் பார்த்தால் ஏதோ தேர்வுக்குப் படிக்கிறீர்கள் போலிருக்கிறது. நன்மை ஐந்து, தீமை ஐந்து என்று பட்டியல் வேண்டுமென்றால் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடலாம். ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் தைத்த ஒருவரின் மகள் நான். எனக்குத் தெரிந்த வளர்ச்சி அதுதான்.

தொழிற்சாலைக்குப் போவதற்கு முன்பும் அம்மா சும்மா இருந்ததில்லை. வீட்டு வேலை முழுக்க அவர் தலையில். அக்கம்பக்கத்தாருக்குத் தைத்தும் கொடுப்பார், பெரும்பாலும் காசில்லாமல். அதெல்லாம் எந்தக் கணக்கிலும் வராது. தொழிற்சாலை வாசலைத் தாண்டியதும் அதே கையும் அதே தையலும் நாட்டின் மொத்த உற்பத்தியில் சேர்ந்துவிட்டன. அம்மா விட்டுப்போன வேலையைப் பாட்டி எடுத்துக்கொண்டார். கணக்கெடுக்க வந்தவர் பாட்டியின் பெயருக்கு நேரே 'வேலை இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார். அப்போது பாட்டியின் இடுப்பில் என் தம்பி இருந்தான்.

தேசிய வருமானத்தை அளக்கும் முறையை வகுத்த சைமன் குஸ்நெட்ஸே, 1934-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தந்த அறிக்கையில், அந்த எண்ணை வைத்து மக்களின் நலனை எடைபோட முடியாது என்று எச்சரித்திருக்கிறார். 2014-ல் நைஜீரியா மொத்த உற்பத்தியைக் கணக்கிடும் அடிப்படை ஆண்டை, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொள்ளும் ஆண்டை, மாற்றியது. ஒரே நாளில் அதன் பொருளாதாரம் ஏறக்குறைய 89 சதவீதம் பெரிதாகிவிட்டது. அன்று எந்த நைஜீரியர் பையிலும் கூடுதலாக ஒரு காசு விழவில்லை.

உடனே 'வளர்ச்சிக்கு எதிரி' என்று யாரும் கிளம்ப வேண்டாம். அம்மாவின் சம்பளம் இல்லாவிட்டால் நான் பள்ளிப் படிப்பைத் தாண்டியிருக்க மாட்டேன். அதைவிடப் பெரிது, அவர் பேச்சுக்கு வீட்டில் மதிப்பு வந்தது. சம்பளம் அவர் பெயரிலிருந்த வங்கிக் கணக்கில் விழுந்தது. அக்காவுக்குக் கல்யாணப் பேச்சு எழுந்தபோது "இப்போது வேண்டாம், அவள் படிக்கட்டும்" என்றார். அப்பா முனகினார், அவ்வளவுதான். தொழிற்சாலை வேலையே அடிமைத்தனம் என்று எழுதுகிறவர்களிடம், அந்தப் பெண்களுக்கு வேறு என்ன வழி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

அதற்காக எல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன். பங்களாதேஷின் ஏற்றுமதி வருவாயில் 80 சதவீதத்துக்கு மேல் ஆடைத் தொழில் தருவது. 2013 ஏப்ரலில் அங்கே ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல் தெரிந்ததும் கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடின. தைக்கிறவர்களை மட்டும் மறுநாள் உள்ளே அனுப்பினார்கள். கட்டடம் இடிந்து விழுந்து 1,134 பேர் செத்தார்கள். அதன் பிறகுதான் தொழிற்சங்கங்களோடு வெளிநாட்டு நிறுவனங்கள் சட்டப்படி கட்டுப்படும் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டன. அதற்கு முன் எத்தனையோ ஆண்டுகள் ஏற்றுமதி பெருகிக்கொண்டுதான் இருந்தது.

அம்மாவின் தொழிற்சாலையில் அப்படி எதுவும் நடக்கவில்லை. குழந்தைகள் காப்பகம் என்று பலகை இருந்தது, அறை பூட்டியே கிடக்கும். வீட்டில் ஒரு பாட்டி இல்லாத பெண்கள் பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். அம்மாவைவிட வேகமாகத் தைத்தவர்கள் அதில் உண்டு.

இதைப் பற்றிப் பேச ஒரு கல்லூரிக் கருத்தரங்குக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பெண்களின் ஊதியமில்லா உழைப்பு என்பது தலைப்பு. பயணச் செலவு தருகிறோம் என்றார்கள், இன்றுவரை வரவில்லை. சான்றிதழ் மட்டும் வந்தது, அதிலும் என் பெயரில் எழுத்துப்பிழை. நினைவூட்டி அனுப்பிய மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை.